ரத்தம் கொடுக்க ஓடுகிற அப்பா வாய்க்காலில் ஏன் கொட்டுகிறார்?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் அப்பா, நடு ராத்திரியில் யாருக்காவது ரத்தம் வேண்டும் என்று போன் வந்தால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறவர். 2015 டிசம்பர் வெள்ளத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் நடந்துபோய்ச் சோற்றுப் பொட்டலம் கொடுத்தவர். ஆடி மாதம் தெருக் கோவிலில் கூழ் ஊற்றும்போது முன்னால் நிற்கிறவரும் அவர்தான். அதே அப்பா, கூழ் ஊற்றி முடிந்ததும் பிளாஸ்டிக் டம்ளர்களைச் சாக்கில் கட்டிக் கோவிலுக்குப் பின்னால் ஓடும் வாய்க்காலில் தள்ளச் சொல்கிறார். 'எல்லாரும் அங்கதானேப்பா போடுறாங்க' என்கிறார். இவ்வளவு நல்ல மனுஷன் இதை மட்டும் எப்படிச் செய்கிறார், பிறருக்கு உதவுகிற மனமும் இயற்கையைக் காக்கிற மனமும் வேறு வேறா என்பது உங்கள் கேள்வி.

இரண்டும் ஒரே மனம்தான். உங்கள் அப்பாவின் குணத்தில் குறை ஒன்றும் இல்லை. இயற்கையை நேசிக்கச் சொல்லி அவருக்குப் பாடம் எடுக்க வேண்டியதும் இல்லை. ரத்தம் கொடுக்க ஓடுகிற அதே மனம் வாய்க்கால் கரையில் அசையாமல் இருப்பதற்கு இரண்டு காரணங்களைச் சொல்வேன். அங்கே அடிபடுகிற ஆள் அவர் கண்ணில் படுவதில்லை என்பது ஒன்று. தான் நிறுத்தினால் மற்றவர்களும் நிறுத்துவார்கள் என்ற நம்பிக்கை அவருக்கு இல்லை என்பது இன்னொன்று. இரண்டாவதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். கல்லூரியில் சமூக உளவியல் நடத்துகிற எனக்கு இந்தக் கேள்வி ஆண்டுதோறும் ஏதாவது ஒரு வடிவில் வரும். பெரும்பாலும் யாரோ ஒரு மாணவருடைய அப்பாவைப் பற்றித்தான் வரும்.

ஒரே மனம் என்று எதை வைத்துச் சொல்கிறேன்? எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு ஒன்று பிரேசிலில் நடந்தது. அந்த நாட்டின் வடகிழக்கில் ஒரு பெரிய ஏரி. அதில் இறால் பிடிக்கிறவர்கள் தங்கள் பொறியில் தாங்களே துளை போட்டுக்கொள்வார்கள். துளை பெரிதாக இருந்தால் குஞ்சு இறால் தப்பித்துப்போய் வளரும். அடுத்த பருவத்தில் ஏரியில் எல்லாருக்கும் இறால் இருக்கும். சிறிதாக இருந்தால் குஞ்சும் சேர்ந்து சிக்கும். இன்றைக்குக் காசு கூட வரும். மீன் பிடிப்பவர்களுக்கும் இதே கணக்குத்தான், துளைக்குப் பதில் வலைக் கண். எர்ன்ஸ்ட் ஃபேர், ஆண்ட்ரியாஸ் லைப்ரான்ட் என்ற இரு ஆய்வாளர்கள் இவர்களை உட்காரவைத்து ஒரு பண விளையாட்டு ஆடச் சொன்னார்கள். கையில் கொடுத்த பணத்தைப் பொதுவில் போட்டால் அது பெருகி எல்லாருக்கும் சமமாகப் பிரியும். போடாமல் வைத்துக்கொண்டால் தனக்கு லாபம், கூட இருப்பவர்களுக்கு நஷ்டம். விளையாட்டில் ஏரியும் இல்லை, இறாலும் இல்லை. ஆனால் அவரவர் பொறியின் துளையையும் வலையின் கண்ணையும் அளந்து ஒப்பிட்டபோது, பொதுவில் தாராளமாகப் போட்டவர்களுடைய துளைகளும் கண்களும் பெரிதாக இருந்தன. நாளைக்குக் கூடுதலாகக் கிடைக்கும் என்றால் இன்று காத்திருக்க முடிந்தவர்களுடையதும் அப்படியே. 2011-ல் வெளிவந்த ஆய்வு இது.

அதே ஆண்டில் ஃப்ளோரியன் கைசரும் கட்டார்சினா பிர்காவும் மறுமுனையிலிருந்து பார்த்தார்கள். சுற்றுச்சூழல் விஷயத்தில் அன்றாடம் அக்கறையோடு நடக்கிறவர்களை இதே மாதிரி விளையாட்டில் உட்காரவைத்தால், அவர்கள் மற்றவர்களைவிட அதிகம் விட்டுக்கொடுத்தார்கள். காட்டையும் ஏரியையும் காப்பது தனியாக ஒரு ரசனை, படித்தவர்களுக்கும் வசதி உள்ளவர்களுக்கும் வருகிற ஒன்று என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அந்த இறால்காரர்களை நினைத்துப் பாருங்கள். அவர்கள் துளையைப் பெரிதாகப் போட்டது பக்கத்துப் படகுக்காரனுக்காகவும் நாளைக்காகவும்தான்.

சரி, அப்பாவிடம் வருவோம். பிறருக்கு உதவும் உந்துதல் எப்போது எழுகிறது என்பதை ஷாலோம் ஷ்வார்ட்ஸ் என்ற உளவியலாளர் 1970-களில் விளக்கினார். நல்ல குணம் உள்ளே இருந்தால் மட்டும் போதாது. இதனால் இன்னாருக்கு இன்ன பாதிப்பு என்பது தெரிந்திருக்க வேண்டும். அதைத் தடுப்பது என் பொறுப்பு என்றும் மனதில் பட வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் 'நான் இதைச் செய்தே ஆகணும்' என்ற உறுத்தல் வரும். இதே விளக்கத்தைப் பால் ஸ்டெர்னும் அவருடைய சகாக்களும் 1999-ல் சுற்றுச்சூழலுக்கு நீட்டினார்கள்.

ரத்தம் கேட்டு வரும் போனில் எல்லாம் இருக்கிறது: நோயாளியின் பெயர், ஆஸ்பத்திரி, எந்த வகை ரத்தம், எத்தனை யூனிட். பொறுப்பும் தெளிவு; உங்கள் அப்பா போகாவிட்டால் அந்த நேரத்தில் வேறு ஆள் கிடைக்க மாட்டார். வாய்க்காலில் விழுகிற டம்ளரில் யாருடைய பெயரும் இல்லை. அது மிதந்துபோய்ச் சிறுபாலத்துக் கம்பியில் மற்ற குப்பையோடு சிக்கும். ஐப்பசியிலோ கார்த்திகையிலோ மழை வலுக்கும்போது தண்ணீர் அங்கே முட்டி எதிர்த்து வரும். கீழ்த் தெருவில் தரைத்தளத்தில் இருக்கிறவர்கள் பாயையும் ரேஷன் அரிசியையும் பரணில் ஏற்றுவார்கள். 2015 வெள்ளத்துக்குப் பெருமழை, ஏரி திறப்பு, நீர்வழிகளை அடைத்துக் கட்டிய கட்டடங்கள் என்று பெரிய காரணங்கள் இருந்தன. அடைபட்ட வாய்க்கால்களும் வடிகால்களும் அவற்றோடு சேர்ந்துகொண்டன. அப்பா சோறு கொண்டுபோய்க் கொடுத்த வீடுகளையும் கோவிலுக்குப் பின்னால் ஓடும் வாய்க்காலையும் அவர் மனம் ஒரே கோட்டில் இணைத்துப் பார்க்கவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

அந்தக் கோட்டைப் போட்டுக் காட்டினால் மனிதர்கள் மாறுகிறார்கள் என்பதற்கு லாஸ் ஏஞ்சல்ஸில் நடந்த ஒரு சோதனையைச் சொல்லலாம். அங்கே ஒரு பல்கலைக்கழகக் குடியிருப்பில் 118 வீடுகளில் மின்சாரப் பயன்பாட்டை அளந்தார்கள். ஒரு பகுதி வீடுகளுக்கு, சிக்கனமாக இருக்கும் அக்கம்பக்கத்து வீட்டோடு ஒப்பிட்டால் நீங்கள் எவ்வளவு பணம் விரயமாக்குகிறீர்கள் என்று வாராவாரம் தகவல் போனது. இன்னொரு பகுதிக்கு, உங்கள் கூடுதல் பயன்பாட்டால் காற்றில் எவ்வளவு மாசு சேர்ந்தது, அது குழந்தைகளின் ஆஸ்துமாவோடும் புற்றுநோயோடும் தொடர்புடையது என்று தகவல் போனது. பணக் கணக்கு பார்த்தவர்கள் சேமிக்கவில்லை. குழந்தைகளின் மூச்சைப் பற்றிப் படித்தவர்கள் 8 சதவீதம் குறைத்தார்கள். வீட்டில் குழந்தை உள்ளவர்கள் 19 சதவீதம் குறைத்தார்கள். ஒமர் அசென்சியோவும் மகாலி டெல்மாஸும் 2015-ல் வெளியிட்ட முடிவு இது. 'கரன்ட் பில் குறையும்' என்று மட்டும் சொல்லி விழிப்புணர்வு நடத்துகிறவர்கள் மனிதர்களைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள் என்று எனக்கு அன்றுமுதல் தோன்றிக்கொண்டே இருக்கிறது.

ஆனால் இந்த வழிக்கும் ஒரு எல்லை உண்டு. அடிபடுகிறவர் இன்னும் பிறக்காதவராக இருந்தால்? 2013-ல் வந்த ஒரு சோதனையில் ஆறு ஆறு பேராக உட்காரவைத்து ஆளுக்கு 40 யூரோ கொடுத்தார்கள். பத்துச் சுற்றில் எல்லாரும் சேர்ந்து 120 யூரோ பொதுவில் சேர்க்க வேண்டும். சேர்க்கத் தவறினால் கையில் மிச்சம் இருப்பதும் பெரும்பாலும் பறிபோகும். சேர்த்துவிட்டால் பரிசு உண்டு. சில குழுக்களுக்குப் பரிசு மறுநாள் கிடைக்கும் என்றார்கள். சிலவற்றுக்கு ஏழு வாரம் கழித்து. மற்றவற்றுக்கு அந்தப் பணத்தில் ஓக் மரங்கள் நடப்படும், பலன் வருங்காலத் தலைமுறைக்கு. மறுநாள் பரிசில் 10 குழுக்களில் 7 இலக்கைத் தொட்டன. ஏழு வாரத்தில் 11-ல் 4. மரத்தில் 11-ல் ஒன்றுகூட இல்லை. ஒன்றுகூட இல்லை என்பதை முதலில் படித்தபோது எனக்கு நெஞ்சை அடைத்தது. தாத்தா வைத்த மாமரத்தில் பழம் பறித்து வளர்ந்தவன் நான்.

இனி இரண்டாவது காரணம். 'எல்லாரும் அங்கதானேப்பா போடுறாங்க' என்று அப்பா சொன்னதைச் சாக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர் தன் மனம் வேலை செய்கிற விதத்தை அப்படியே சொல்லியிருக்கிறார்.

'ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே' என்பது பழமொழி. பொதுவில் இருப்பது என்றால் மனிதன் அள்ளத்தான் செய்வான் என்ற எண்ணம் எல்லா ஊரிலும் உண்டு. அமெரிக்க உயிரியலாளர் காரெட் ஹார்டின் 1968-ல் இதையே ஒரு கோட்பாடாக எழுதினார்: பொது மேய்ச்சல் நிலத்தில் ஒவ்வொருவரும் இன்னொரு மாட்டை இறக்கிக்கொண்டே போவார்கள், கடைசியில் நிலம் கட்டாந்தரையாகும். ஆனால் மனிதர்களை உட்காரவைத்துப் பார்த்தால் படம் வேறாக இருக்கிறது. 2001-ல் ஊர்ஸ் ஃபிஷ்பாகர், சைமன் கெக்டர், எர்ன்ஸ்ட் ஃபேர் மூவரும் முன்பு சொன்னது போன்ற பண விளையாட்டை வைத்து ஒவ்வொருவரிடமும், 'மற்றவர்கள் இவ்வளவு போட்டால் நீ எவ்வளவு போடுவாய்?' என்று தனித்தனியாகக் கேட்டார்கள். மற்றவர்கள் எவ்வளவு போட்டாலும் நான் போட மாட்டேன் என்றவர்கள் சுமார் 30 சதவீதம். மற்றவர்கள் போட்டால் நானும் போடுகிறேன், குறைத்தால் நானும் குறைக்கிறேன் என்றவர்கள் ஏறக்குறைய பாதி. அந்தப் பாதியில்தான் நாம் பெரும்பாலோர் இருக்கிறோம். உங்கள் அப்பா இருக்கிறார், நானும் இருக்கிறேன். எங்களைத் தியாகிகள் என்றும் சொல்ல முடியாது, சுயநலக்காரர்கள் என்றும் சொல்ல முடியாது. அக்கம்பக்கம் பார்த்து நடக்கிறவர்கள். ஊர் தேர் இழுத்தால் வடத்தைப் பிடிப்போம். ஊர் கை கட்டி நின்றால் நாங்களும் நிற்போம்.

இது ஆய்வுக்கூட விவகாரம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். எத்தியோப்பியாவின் பாலே மலைப்பகுதியில் ஓரோமோ மக்கள் குழுக்களாகப் பிரிந்து காட்டைப் பராமரிக்கிறார்கள். 49 குழுக்களில் இப்படி 'நீ செய்தால் நானும் செய்வேன்' என்கிறவர்கள் எத்தனை பேர் என்று தேவேஷ் ருஸ்தாகி என்ற ஆய்வாளரும் சகாக்களும் கணக்கிட்டார்கள். ஒவ்வொரு குழுவின் காட்டிலும் இளமரங்களை எண்ணினார்கள். அத்தகையவர்கள் அதிகம் இருந்த குழுக்களின் காடு செழிப்பாக இருந்தது. காரணத்தில் ஒரு முக்கியமான பகுதி, அவர்கள் காட்டைச் சுற்றிக் காவல் போவதில் அதிக நேரம் செலவிட்டார்கள் என்பது. 2010-ல் வந்த இந்த ஆய்வில் எனக்குப் பிடித்த இடமும் அதுதான். அக்கம்பக்கம் பார்த்து நடக்கிறவன், அக்கம்பக்கத்தைப் பார்த்துக்கொள்ளவும் செய்கிறான். திருட்டுத்தனமாக ஒருவன் வெட்டினால் தனக்கும் மனம் விட்டுப்போகும் என்று அவனுக்குத் தெரிகிறது.

ஆக, பாதிப் பேருடைய நடத்தை, மற்றவர்களைப் பற்றி அவர்கள் போடும் கணக்கைப் பொறுத்தது. அந்தக் கணக்கு தப்பாக இருந்தால்? பெரும்பாலும் தப்பாகத்தான் இருக்கிறது. 125 நாடுகளில் ஏறக்குறைய 1,30,000 பேரிடம், காலநிலை மாற்றத்தைத் தடுக்க மாத வருமானத்தில் 1 சதவீதம் கொடுப்பீர்களா என்று கேட்டார்கள். 69 சதவீதம் பேர் கொடுப்பேன் என்றார்கள். உங்கள் நாட்டில் எத்தனை பேர் கொடுப்பார்கள் என்று நினைக்கிறீர்கள் என்று கேட்டபோது சராசரியாக வந்த பதில் 43 சதவீதம். 2024-ல் வெளியானது. நான் தயார், ஊர்தான் தயாராக இல்லை என்று ஊரில் ஒவ்வொருவரும் தனித்தனியாக நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். என் பாடத்தில் நான் படித்தவற்றில் இதைவிட வருத்தமான ஒரு கணக்கும் இல்லை, இதைவிட நம்பிக்கை தருவதும் இல்லை.

இந்தத் தப்புக் கணக்கை நாமே வளர்க்கிறோம் என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் அரிசோனாவில் கல்லாகிப்போன மரத்துண்டுகள் நிறைந்த தேசியப் பூங்கா ஒன்று இருக்கிறது. வருகிறவர்கள் துண்டுகளை எடுத்துப்போய்விடுகிறார்கள். ராபர்ட் சியால்டினியும் அவருடைய குழுவும் அங்கே அடையாளமிட்ட துண்டுகளைப் பாதையோரம் போட்டுவைத்து வெவ்வேறு பலகைகளைச் சோதித்தார்கள். 'பலர் எடுத்துப்போனதால் காடு பாழாகிறது' என்று பலகை வைத்த இடத்தில் 7.92 சதவீதம் துண்டுகள் களவுபோயின. 'தயவுசெய்து எடுக்காதீர்கள்' என்று மட்டும் சொன்ன இடத்தில் 1.67 சதவீதம். முதல் பலகை எழுதியவர்கள் ஆதங்கத்தில்தான் எழுதினார்கள். படித்தவர்களின் மனதில் நின்றதோ 'பலர் எடுக்கிறார்கள்' என்பது. நம் ஊரில் 'மக்களுக்குப் பொறுப்பே இல்லை, எல்லாரும் ஏரியில் கொட்டுகிறார்கள்' என்று மேடையிலும் வாட்ஸ்ஆப்பிலும் கொந்தளிக்கிறோமே, அதற்கும் இதே விளைவுதான். எங்கள் தெருமுனையில் 'இங்கு குப்பை கொட்டாதீர்' என்ற பலகை பல ஆண்டுகள் குப்பை மேட்டுக்கு நடுவில் நின்றது. பலகையை யாரும் படிக்கவில்லை; மேட்டைத்தான் படித்தார்கள். ஒரு பொங்கலுக்கு முன்னால் தெருப் பெண்கள் சிலர் அந்த இடத்தைப் பெருக்கிச் சாணம் தெளித்துக் கோலம் போட்டார்கள். கோலத்தின் மேல் குப்பையைப் போட யாருக்கும் கை வரவில்லை. கோலம் போடாத வாரம் மறுபடி விழுந்தது. மறுபடி போட்டார்கள். பல ஊர்களில் இப்போது நகராட்சிகளே இந்த வழியில் இறங்கியிருப்பதைப் பார்க்கிறேன்.

பொதுச்சொத்து பாழாகியே தீரும் என்ற ஹார்டினின் முடிவை உலகம் முழுக்கத் தேடிப் பார்த்து மறுத்தவர் எலினார் ஆஸ்ட்ரம். ஸ்விட்சர்லாந்து மேய்ச்சல் நிலம், ஸ்பெயின் பாசன வாய்க்கால், ஜப்பான் காடு என்று நூற்றாண்டுக்கணக்கில் மக்களே காத்து வந்த பொதுச்சொத்துகளைக் காட்டினார். 2009-ல் பொருளாதார நோபல் பெற்ற முதல் பெண். அவர் கண்டதைச் சுருக்கினால்: யார் உள்ளே, யார் வெளியே என்பது தெளிவாக இருக்க வேண்டும், விதியை அதற்குக் கட்டுப்படுகிறவர்களே வகுக்க வேண்டும், கண்காணிப்பு தங்களுக்குள் இருக்க வேண்டும், தப்புச் செய்தவனுக்கு முதலில் சிறிய தண்டனை. இவை ஒவ்வொன்றும் 'மற்றவனும் செய்கிறான்' என்ற நம்பிக்கையைத் தாங்கிப் பிடிக்கிற தூண்கள்.

நமக்கு அருகில் வேடந்தாங்கல் இருக்கிறது. அந்த ஏரியின் நீர்க்கடம்பு மரங்களில் நாரையும் அரிவாள்மூக்கனும் வந்து கூடு கட்டும். பறவை எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அந்த ஊர்க்காரர்களுக்குத் தலைமுறைகளாகத் தெரியும். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் வெள்ளைக்கார வீரர்கள் அங்கே வந்து பறவைகளைச் சுட்டபோது, ஊர்க்காரர்கள் செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸிடம் போய், இனி சுடக் கூடாது என்று 1798-ல் எழுத்தில் உத்தரவு வாங்கினார்கள். சுற்றுச்சூழல் என்ற சொல்லே புழக்கத்தில் இல்லாத காலம். அவர்களை இயற்கை ஆர்வலர்கள் என்று அழைப்பதா, தங்கள் வயலைப் பார்த்துக்கொண்ட விவசாயிகள் என்று அழைப்பதா? உளவியல் படித்தவன் என்ற முறையில் நான் பிரிக்க மாட்டேன். ஒருவருடைய வயல் நன்மை, ஊர் நன்மை, வந்த உயிரைக் கொல்லக் கூடாது என்ற மரியாதை எல்லாம் ஒரே கயிற்றின் புரிகள். சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. நெல்லைப் பக்கம் கூந்தன்குளத்திலும் அப்படித்தான். ஒரு பையன் ஆசையை அடக்கிக்கொள்வதற்குப் பறவை மேல் உள்ள அன்பு எவ்வளவு காரணமோ, தெருவில் வேறெந்தப் பையனும் வெடிக்க மாட்டான் என்ற உறுதியும் அவ்வளவு காரணம் என்பது என் எண்ணம்.

இங்கே நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். ஊர்க் கட்டுப்பாட்டுக்கு எல்லை உண்டு. அந்த எல்லைக்கு வெளியே இருப்பவர்களுக்கு அது கொடுமையாகவும் இருக்கலாம். பழவேற்காடு ஏரியில் 'பாடு' என்ற முறை இருக்கிறது. தலைக்கட்டுக்கு ஒருவர் என்ற கணக்கில், எந்த நாளில் யார் எந்த இடத்தில் வலை கட்டலாம் என்று முறைவைத்துப் பிரிப்பார்கள். சண்டையில்லாமல், ஏரியை வழித்தெடுக்காமல் நெடுங்காலம் நடந்த ஏற்பாடு. ஆனால் இந்தப் பாடு முறையில் இடம் பெறாத சமூகத்தாரும் அதே ஏரியை நம்பித்தான் இருக்கிறார்கள். அதை ஒட்டிப் பூசல்களும் எழுந்திருக்கின்றன. நம்மவர், மற்றவர் என்ற கோட்டுக்குள்தான் மனிதனின் உதவும் குணம் எளிதாக ஓடும். தண்ணீர் அந்தக் கோட்டைப் பார்த்து ஓடுவதில்லை. மேல் ஊரில் விட்ட கழிவு கீழ் ஊருக்குத்தான் போகும். உங்கள் தெருக்காரர்கள் ஒருவருக்கொருவர் எவ்வளவு உதவினாலும் கீழ்த் தெரு 'நம்மவர்' ஆகாதவரை வாய்க்கால் சுத்தமாகாது.

அபராதம் போட்டால் சரியாகிவிடும் என்பவர்களுக்கு இஸ்ரேலின் ஹைஃபா நகரத்துக் குழந்தைகள் காப்பகங்களைச் சொல்வேன். பெற்றோர் தாமதமாக வருகிறார்கள் என்று சில காப்பகங்களில் சின்னதாக ஓர் அபராதம் வைத்தார்கள். தாமதமாக வருகிறவர்கள் ஏறக்குறைய இரட்டிப்பானார்கள். முன்பு ஆசிரியையைக் காக்கவைக்கிறோமே என்ற கூச்சம் இருந்தது. இப்போது காசு கொடுத்தாயிற்று. அபராதத்தை எடுத்த பிறகும் பழைய கூச்சம் திரும்பவில்லை. 2000-ல் வந்த ஆய்வு. தண்டனையே கூடாது என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். ஒத்துழைக்கிறவனை ஏமாளி ஆக்காமல் காக்கிற தண்டனை வேலை செய்யும். தப்புக்கு விலைச்சீட்டு ஒட்டுகிற தண்டனை கெடுத்துவிடும்.

பெரிய அளவில் பார்க்கும்போது இந்த வேறுபாடு உயிர்நாடியாகிறது. திருப்பூரில் சாயக் கழிவு நொய்யலில் கலந்து ஒரத்துப்பாளையம் அணைத் தண்ணீரே பயிருக்கு ஆகாமல் போனது. அங்கே சாயப்பட்டறை வைத்திருந்த ஒவ்வொருவரும் கெட்டவர் என்று நான் நம்பவில்லை. ஒருவர் மட்டும் செலவு செய்து கழிவைச் சுத்திகரித்தால் அவருடைய விலை ஏறும், ஆர்டர் பக்கத்துப் பட்டறைக்குப் போகும். 'எல்லாரும் அங்கதானே விடுறாங்க' என்பதன் தொழில் வடிவம் அது. சொட்டுக் கழிவும் வெளியே விடக் கூடாது என்ற விதியை நிறைவேற்றாத பட்டறைகளை மூடும்படி 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. எல்லாருக்கும் ஒரே விதி என்று ஆன பிறகுதான், சுத்திகரிக்கிறவர் ஏமாளி இல்லை என்ற நிலை வர முடியும். இதை வேண்டுமென்றே சொல்கிறேன். தனிமனித மனமாற்றம் பற்றிப் பேசுகிறவர்கள், நான் உட்பட, விதியின் இடத்தில் நல்ல குணத்தை வைத்துவிடும் ஆபத்து உண்டு. ஐந்து ஐந்து பேராகப் பொது வளத்தை எடுத்து அடுத்த குழுவுக்கு மிச்சம் வைக்கும் ஒரு சோதனையை ஆலிவர் ஹவுசரும் சகாக்களும் 2014-ல் வெளியிட்டார்கள். பெரும்பாலோர் அளவாகவே எடுத்தார்கள். அளவுக்கு மிஞ்சி அள்ளிய சிலரால் வளம் அழிந்தது. எவ்வளவு எடுப்பது என்பதை வாக்கெடுத்து முடிவுசெய்து, அது எல்லாரையும் கட்டுப்படுத்தும் என்று வைத்தபோது, தலைமுறை தலைமுறையாக வளம் நின்றது. நல்லவர்களின் எண்ணிக்கை அப்படியேதான் இருந்தது. அவர்கள் கையில் வாக்கு இருந்தது.

இப்போது உங்கள் வீட்டுக்கு வருகிறேன். அப்பாவிடம் ஆமை மூக்கில் பிளாஸ்டிக் குழல் சிக்கிய வீடியோவைக் காட்டாதீர்கள். அவர் வருத்தப்படுவார், வாய்க்காலுக்கும் அதற்கும் முடிச்சுப் போட மாட்டார். ஒரு மாலை அவரோடு அந்த வாய்க்கால் ஓரமாகவே நடந்துபோங்கள். அது எந்தச் சிறுபாலத்தில் அடைக்கிறது, எந்தத் தெருவுக்குத் தண்ணீர் ஏறும் என்று அந்தத் தெருக்காரர் ஒருவரையே சொல்லவிடுங்கள். 2015-ல் அவர் பொட்டலம் கொடுத்த வீடு ஒன்று அங்கே இருந்தால் அந்த வாசலில் நின்று பேசுங்கள். 'நீங்க செய்யுறது தப்புப்பா' என்ற வாக்கியம் வேண்டவே வேண்டாம். அவர் தன்னை எப்படிப்பட்டவர் என்று நினைக்கிறாரோ அதற்கு எதிராகப் பேசினால் தன்னைக் காத்துக்கொள்ளத்தான் பார்ப்பார். 'ராத்திரி ரத்தம் கொடுக்க ஓடுறவர் நீங்க, இதையும் நீங்க சொன்னாத்தான் தெரு கேக்கும்' என்பது உண்மை, அதைச் சொல்லுங்கள்.

அடுத்தது கோவில் குழு. அங்கே இருக்கிறவர்களில் குறைந்தது நான்கைந்து பேருக்கு அந்தச் சாக்கு மூட்டை உறுத்தியிருக்கும்; ஒருவருக்கொருவர் சொல்லியிருக்க மாட்டார்கள். கூட்டத்துக்கு முன்பே அவர்களைத் தனித்தனியாகப் பார்த்துக் கேளுங்கள். கூட்டத்தில் அவர்களே எழுந்து சொல்லட்டும். இந்த வருஷம் டம்ளர் வேண்டாம், வீட்டிலிருந்து சொம்போ தூக்கோ கொண்டுவரச் சொல்லி மைக்கில் அறிவிப்போம், இல்லாதவர்களுக்கு எவர்சில்வர் டம்ளர் வைப்போம் என்று குழுவின் முடிவாக அது வர வேண்டும். மைக்கில் 'யாரும் பிளாஸ்டிக் கேட்காதீர்கள்' என்பதைவிட 'மேலத் தெருக்காரங்க எல்லாரும் தூக்கோட வந்திருக்காங்க' என்பது நன்றாக வேலை செய்யும். ஆனால் உண்மையாகவே வந்திருந்தால் மட்டும் சொல்ல வேண்டும். டம்ளர் கழுவும் இடம் பின்கட்டில் வேண்டாம், வரிசைக்கு எதிரே எல்லார் கண்ணிலும் படும்படி இருக்கட்டும். கீழ்த் தெருவிலிருந்தும் இரண்டு பேரைப் பரிமாறக் கூப்பிடுங்கள்.

எவர்சில்வர் டம்ளர் வாடகைப் பாத்திரக் கடையில் கிடைக்கும். ஆடி ஞாயிறுகளில் கிராக்கி அதிகம் இருக்கும், ஆனி பிறந்ததுமே சொல்லிவைத்துவிடுங்கள். எத்தனை வேண்டும் என்ற கணக்கை அப்பாவிடமே விட்டுவிடுங்கள். எத்தனை பேர் வருவார்கள் என்று அந்தத் தெருவில் அவருக்குத்தான் தெரியும்.